உன் அப்பா கைப்பிடியை விட்டார்

என் கண்ணு சிட்டுவுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். போனில் தினமும் உன்னிடம் சொல்கிற வார்த்தைதான், ஆனால் மாசக்கணக்கில் அதைப் பாதி மனசோடுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்று முழு மனசோடு எழுதுகிறேன். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், உன் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது, அந்த விஷயத்தில் நீ அப்படியே அப்பன் பெண். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, அப்படி இல்லை இப்படி என்று என் ஒவ்வொரு வார்த்தைக்கும் பிரேக் போடுவார். அதனால்தான் அவர் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து, என் தையல் கடையில் துணி வெட்டுகிற மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், சரியாகத்தான் படித்தாய், டூட்டிக்கு. டிப்போ ஆபீஸ் நாற்காலி டூட்டி இல்லை, ஸ்டியரிங் பிடிக்கிற டூட்டி. பார், கடைசியில் சொல்ல வேண்டியதை எடுத்தவுடனே கொட்டிவிட்டேன், எனக்கு எப்போதுமே வாயில் எதுவும் நிற்காது. சரி, இனி ஒழுங்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சு பிடித்த அன்று நடந்தது உனக்குத் தெரியும். காலை நேரம், பஸ் நிறைய ஜனம், பாலத்தை விட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. பஸ் ஓரமாக நின்றது, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பயணிகளே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், நீ ஓடிவந்து அவர் பக்கத்தில் இருந்துவிட்டு, தைரியமாகத் திரும்பிப் போனாய். நீ போன பிறகு வீட்டில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், மாத்திரை சரியாகப் போகிறது, ஆனால் மனுஷர் சரியாக இல்லை. எந்நேரமும் இரண்டு விரல் கழுத்தில் இருக்கும், துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடமாட்டார். மாடிப்படி ஏறுவதென்றால் ஏதோ கடன்காரன் வீட்டுக்குப் போகிற மாதிரி நின்று நின்று போவார். எத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர், சிக்னலில் பக்கத்து லாரிக்காரனோடு வாய்ச்சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறவர், டிப்போவில் டூட்டி போர்டு எழுதுகிற மேசையில் உட்கார வைத்ததும் பூனை மாதிரி ஆகிவிட்டார். எல்லோரும் அவரைப் பார்க்க வந்து, ஒரு பஸ் ஜனத்தைக் காப்பாற்றினீர்கள் என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் அப்போதெல்லாம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அடக்கம் என்று நினைத்தேன்.

மறுபடி பஸ் எடுக்க வேண்டுமானால் டிரெட்மில் டெஸ்ட் பாஸாக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டு, வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார்களாம். அதற்குத் தயாராக ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து, ஒரு பயிற்சி அறை இருக்கிறது. மூன்று டிரெட்மில், தலையாட்டும் ஒரு மின்விசிறி, சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்துச் சுவர். அறை முழுக்க ரப்பர் வாசனை. அங்கே பயிற்சி கொடுக்கிறவள் உன் வயசுப் பெண், பிசியோதெரபி படித்தவள், எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் உன் அப்பாவும் எங்களுக்குள் சிரிக்காத டாக்டர் என்போம். அவள் கணக்காகப் பேசுவாள், கணக்காகக் கோபப்படுவாள். நடை நன்றாக வந்துவிட்டது சார், இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக ஜாகிங் ஆரம்பிக்கலாம், ஒரு நிமிஷம் ஓட்டம், அப்புறம் நடை, மறுபடி ஒரு நிமிஷம், அவ்வளவுதான், உங்கள் இதயம் அதைத் தாங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். இவர் இரண்டு கையாலும் முன்னால் இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதல் கியரிலேயே போய்க்கொண்டிருப்பார். டெஸ்ட்டுக்குத் தேதி கொடுத்தால் அன்று தலைவலி, இன்னொரு தேதி கொடுத்தால் கால்வலி. நான் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, ஓடுங்களேன், ஒரு நிமிஷம்தானே என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "உக்காந்துக்கிட்டு சொல்றது சுலபம். நீ ஏறு, அப்புறம் நான் ஓடுறேன்" என்றார். அறையில் எல்லோர் முன்னாலும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, என்னைச் செய்யாதே என்றால் விட்டுவிடுவேன், முடியாது என்றால் விடமாட்டேன். சிரிக்காத டாக்டரைப் பார்த்தேன். அவள் என் ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று போன மாசமே சொன்னார்களே, உங்களுக்கும் நல்லதுதான், பெரிய டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாளில் அனுமதி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டேன்.

போட்டுக்கொள்ள உடுப்பு வேண்டுமே. ஸ்கூல் சீருடை தைத்ததில் நீலத் துணி மிச்சம் கிடந்தது, அதில் தொளதொளவென்று ஒரு பேன்ட் தைத்துக்கொண்டேன். போட்டுக்கொண்டு போனால், பக்கத்து மிஷினில் நடக்கிற கணக்கு வாத்தியார், பைபாஸ் செய்துகொண்ட மனுஷர், கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு எந்த வகுப்பு என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பு சார், இன்றுதான் சேர்ந்தேன் என்றேன். ஏறுவதற்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டிவிட்டாள் டாக்டர், விழப்போனால் கயிறு பிடுங்கிக்கொண்டு மிஷின் நின்றுவிடுமாம். இரண்டு ஓரத்திலும் காலை அகட்டி நின்று, பெல்ட் மெதுவாக ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன், நேராக நடுவில் நின்றுகொண்டு கீழே குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் காலால் தையல் மிஷின் ஓட்டியவள் நான், அங்கே நான் மிதிப்பேன், துணி ஓடும். இங்கே நான்தான் துணி. பெல்ட் என்னை நின்ற வாக்கிலேயே பின்னால் கொண்டுபோய், சரக்குப் பெட்டியை இறக்குவது மாதிரி தரையில் இறக்கிவிட்டது, கயிறு படக்கென்று பிடுங்கிக்கொண்டு மிஷின் நின்றது. உன் அப்பா சிரித்தார் பார். நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்த மாதிரி நானும் மிஷின் சரியில்லை என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஆனால் கற்றுக்கொண்டேன், சிட்டு. காலைப் பார்க்காமல் நேரே சுவரைப் பார்த்தால் தலைசுற்றல் இல்லை. தாண்டித் தாண்டிக் காலைப் போடாமல், சின்னச் சின்ன அடியாக, சத்தம் வராமல் வைக்க வேண்டும். கையை மடக்கி இடுப்போரம் வீச வேண்டும், தோளைக் காதுக்குத் தூக்கக் கூடாது. ஓடும்போது பேச முடிந்தால் சரியான வேகம், பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்றாள் டாக்டர், உங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்றார் வாத்தியார், நீங்கள் எந்த வேகத்திலும் பேசுவீர்கள் என்று. முதல் முறை அந்த ஒரு நிமிஷத்தை ஓடி முடித்தபோது, எனக்கு மூச்சு இரைக்கிறது, முகம் கொதிக்கிறது, கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, வியர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. கல்யாணமான பிறகு நான் எதற்காக ஓடியிருக்கிறேன், பால் பொங்கினால், பஸ் கிளம்பினால், நீ விழுந்தால். சும்மா, ஓடுவதற்காகவே ஓடியது அன்றுதான். இறங்கினால் தரை என்னைக் கூட்டிக்கொண்டு போகிறது, கப்பலிலிருந்து இறங்கியவள் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று இறங்காமல் கொஞ்ச நேரம் மெதுவாக நடந்துவிட்டு இறங்க வேண்டும் என்று அதற்கும் திட்டு வாங்கினேன். கொஞ்ச நாளில் ஒரு நிமிஷம் இரண்டாச்சு, இரண்டு மூன்றாச்சு. உன் அப்பா மட்டும் பக்கத்து மிஷினில் அதே கைப்பிடி, அதே முதல் கியர். நான் ஏறிவிட்டேன், இப்போது நீங்கள் ஓட வேண்டும், அதுதானே பேச்சு என்றால் மின்விசிறியைப் பார்ப்பார்.

ஒரு மத்தியானம் வாத்தியார் வரவில்லை, டாக்டர் யாரையோ பார்க்க வெளியே போயிருந்தாள், அறையில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டும் வாய் திறக்காதவர், பக்கத்துப் பக்கத்தில் முகம் பார்க்காமல் நடந்ததாலோ என்னவோ, தானாகப் பேசினார். "பஸ்ஸ நான் நிறுத்தினேன்னு ஊரே சொல்லுது. எனக்கு ஞாபகமே இல்ல. பாலம் ஞாபகம் இருக்கு, அப்புறம் ஆட்டோ கூரை ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமில்ல. அது தானா உருண்டு போய் நின்னுருக்கும். அடுத்த தடவ நிக்கலன்னா? பின்னால அத்தன பேரு உக்காந்திருப்பாங்களே" என்றார். தன் உயிருக்குப் பயப்படுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன், மனுஷர் சுமந்தது வேறு பாரம். வாழ்த்த வந்தவர்களைப் பார்த்து ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. என் மிஷின் வேகத்தை அவருடைய வேகத்துக்குக் குறைத்துவிட்டுக் கூடவே நடந்தேன்.

மறுநாள் கடையைப் பாதியில் மூடிவிட்டு அவருடைய பஸ்ஸில் ஏறினேன், அதாவது இப்போது வேறு டிரைவர் ஓட்டுகிற அந்தப் பஸ்ஸில். அன்று அப்பாவோடு டூட்டியில் இருந்த கண்டக்டர் மாமா அதே பையை மாட்டிக்கொண்டு, அதே குரலில் உள்ளே போ உள்ளே போ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று என்ன பார்த்தீர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று கேட்டேன், பயந்துகொண்டுதான் கேட்டேன், அவரும் பஸ் தானாகத்தான் நின்றது என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். அவர் சொன்னார். நான் கேட்டுவிட்டு, இதை என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவரிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். அடுத்த நாள் ஷிப்ட் முடிந்ததும் காக்கி உடுப்போடு, தோளில் பையோடு அப்படியே பயிற்சி அறைக்குள் வந்துவிட்டார். உன் அப்பா மிஷினில் நடந்துகொண்டிருந்தார். என்ன இந்தப் பக்கம் என்று கேட்டார், கண்டக்டர் மாமா சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு ஞாபகமில்லன்னு அண்ணி சொன்னாங்க. எனக்கு ஞாபகமிருக்கு அண்ணே. நான் முன்வாசல்ல நின்னேன். உங்க மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு, ஒரு கை நெஞ்சுல இருந்துச்சு. இன்னொரு கையால சைடு லைட்டப் போட்டீங்க. கண்ணாடியப் பாத்தீங்க. பின்னால பைக்குல ஒருத்தன் வேகமா வந்தான், அவன போகவிட்டுட்டுத்தான் ஓரங்கட்டினீங்க. ஹேண்ட்பிரேக்க இழுத்தீங்க, கதவத் தொறந்தீங்க. அப்புறந்தான் சாஞ்சீங்க." உன் அப்பா நடந்துகொண்டே இருந்தார். பிறகு, "பைக்குக்காரன் போயிட்டானா?" என்று கேட்டார். "போயிட்டான். உங்கள ஒரு முறை முறைச்சிட்டுப் போனான்" என்றார் கண்டக்டர் மாமா. இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கோபித்துக்கொண்டேன். எல்லோரும் வந்து வந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணனுக்கே தெரியாததையா நான் புதிதாகச் சொல்லப்போகிறேன் என்று இருந்துவிட்டேன் அண்ணி என்றார் பாவம்.

அப்போதுதான் நடந்தது, சிட்டு. யாரும் சொல்லவில்லை. அவரே ஒரு விரலை நீட்டி, மிஷினில் வேகத்தைக் கூட்டுகிற அந்தக் கூட்டல் குறியை அழுத்தினார். ஒரு தரம், இன்னொரு தரம், இன்னொரு தரம். நடை வேகமாச்சு, போதாமல் போச்சு, கால் தானாக எம்பியது. அப்புறம் கைப்பிடியிலிருந்து முதலில் ஒரு கை வந்தது, பிறகு மற்றது. தப் தப் தப் என்று ஓடினார். அழகான ஓட்டம் என்று சொல்லமாட்டேன், தோள் காதுக்கு ஏறியிருந்தது, வயிறு தனியாக ஓடியது, ஆனால் ஓடினார், சுவரைப் பார்த்து, தலையை நிமிர்த்தி. நான் அழுதேன், கண்டக்டர் மாமா என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டார், ஊதவில்லை, நல்லவேளை. உள்ளே வந்த சிரிக்காத டாக்டர் ஒரு பார்வை பார்த்தாள், ஓடி வந்து திரையில் நாடித்துடிப்பைப் பார்த்தாள், சரியாக இருக்கிறது, ஒரு நிமிஷம் ஆச்சு, இப்போது குறையுங்கள் சார் என்றாள். பிறகு திரும்பி, வெளிச்செருப்போடு யார் உள்ளே வரச் சொன்னது என்று கண்டக்டர் மாமாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் தினம் எத்தனையோ பேரை அதட்டுகிறவர், அவளிடம் வாயைத் திறக்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலித்தது, ஆர்வக்கோளாறில் டாக்டர் சொன்னதைவிடக் கூட ஓடியதால், இரண்டு நாள் உட்காரவைத்தாள். ஒரு நாள் ராத்திரி மறுபடி விரல் கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இனி வரவே வராது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மனுஷர் மாறிவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இவரே பாடம் எடுக்கிறார், காலப் பாக்காதீங்க, கண்ணாடியப் பாக்கற மாதிரி நேராப் பாருங்க என்று. டெஸ்ட் அன்று ஒயர் ஒட்டுவதற்காக நெஞ்சு முடியை மழித்ததுதான் அவருக்குப் பெரிய துக்கம், ஓடியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அந்த முடியைப் பற்றியே இரண்டு நாள் பேசினார். டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்துப் பார்த்த பெரிய டாக்டர் வண்டி நன்றாக ஓடுகிறது என்று அவர் பாஷையிலேயே சொன்னாராம். டிப்போவில் காலி பஸ்ஸைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு டிரெயினரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். பிறகு டூட்டி போட்டார்கள்.

முந்தாநாள் முதல் டூட்டி. வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வேடிக்கை பார்க்க அது சர்க்கஸ் இல்லை என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் நின்று, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் ஏறினேன். கண்டக்டர் மாமா என்னைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தெரியாதவர் மாதிரி அடுத்த ஆளுக்குப் போனார். நான் ஒரு சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் வந்தது. என் கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன், ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், ஒருவர் போனில் மருமகனைத் திட்டுகிறார், ஒரு பிள்ளை சன்னலில் பொம்மை போடுகிறது, ஒருத்தருக்கும் டிரைவர் என்று ஒரு ஆள் முன்னால் இருக்கிற நினைப்பே இல்லை. பஸ் பாலத்தில் ஏறி இறங்கியது, யாரும் கவனிக்கவில்லை. இறங்கியதும் எனக்கு என்ன ஆச்சென்று தெரியவில்லை, சிட்டு, மாசக்கணக்காக ராத்திரியில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள், சன்னலில் தலையைச் சாய்த்தேன், அவ்வளவுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் பஸ் காலி, கடைசி ஸ்டாப், வெளியே டீக்கடைச் சத்தம், எதிரே உன் அப்பா காக்கிச் சட்டையோடு நிற்கிறார். கோபிப்பார் என்று நினைத்தேன். மடியிலிருந்து விழுந்த என் டிக்கெட்டைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "இவ்வளவு நல்லாவா ஓட்டினேன்?" என்றார்.

நீ எதற்கும் கவலைப்படாமல் உன் வேலையைப் பார். நீ இருக்கிற கட்டடத்தில் கீழே டிரெட்மில் இருக்கிறது, துணி காயப்போட நன்றாக இருக்கிறது என்று சொன்னாயே, துணியை எடுத்துவிட்டு ஏறு. முதல் நாளே குதிரை மாதிரி ஓடாதே, ஒரு நிமிஷம் போதும், கிளிப்பை மறக்காமல் மாட்டிக்கொள், நல்ல ஷூ வாங்கிக்கொள், அதில் கஞ்சத்தனம் பார்க்காதே. லீவுக்கு வரும்போது மூன்று பேரும் சேர்ந்து ஓடலாம், உனக்கும் ஒரு நீலப் பேன்ட் தைத்து வைத்திருக்கிறேன், இடுப்பு அளவு மட்டும் எழுதி அனுப்பு, உண்மையான அளவு. அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, இன்னும் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும், இந்த வாரமே போ. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என் தங்கமே. அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்த்தி, அவர் வந்தால் இரண்டு வரி எழுதச் சொல்லலாம்தான், திருத்த ஆரம்பித்துவிடுவார், அதனால் கவரை ஒட்டிவிடுகிறேன்.

ஒன்றாம் வகுப்பு தேறி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்ட,
உன் அம்மா